அறிமுகம் செய்தவருக்கு என்ன கூலி?

கையில் ஒரு புதிய தொழிலுக்கான எண்ணம் வைத்திருப்பவர் ஒருவர். பெட்டியில் பணம் வைத்திருப்பவர் மற்றொருவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் அறிந்த மூன்றாமவர் ஒருவர் இடையில் வந்து, "நீங்கள் தேடுகின்றவர் இவர்தாம்" என்று கைகாட்டுகிறார். அந்தச் சந்திப்பிலிருந்து பெரும் நிறுவனம் ஒன்று முளைத்து எழுந்தால், கைகாட்டியவருக்கு உரியது என்ன? நன்றியா, ஒரு வேளை விருந்தா, பணமா, பங்கா?

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு விடைகாண முயன்றவர்கள் அரசாங்கங்களும் நீதிமன்றங்களும் வங்கிகளும் ஆவர். ஒருவர்க்கும் முழுமையான விடை அகப்படவில்லை. புதுத்தொழில் நிறுவனங்கள் பற்றிய பேச்சு பெருகியுள்ள இந்நாளில், இதன் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது பயன்தரும் என எண்ணுகிறேன்.

நம் மொழியில் இதற்குரிய சொல் 'தரகு'. சொல்லும் பழையது, தொழிலும் பழையது. சோழர் காலச் செப்பேடுகளில் வரும் வரிப் பெயர்களின் நீண்ட வரிசையில் தட்டார்ப்பாட்டம், ஓடக்கூலி முதலியவற்றோடு தரகும் இடம்பெறுகிறது. அரசு வரி போடும் அளவுக்குத் தரகு அன்றே ஒரு தொழிலாக நிலைபெற்றிருந்தது என்பது இதனால் விளங்கும். ஆனால், தரகர் என்றதும் நம் மக்கள் மனத்தில் முதலில் தோன்றுபவர் மாட்டுத் தரகரோ நிலத் தரகரோ அல்லர், கல்யாணத் தரகர்தாம். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை" என்னும் பழமொழியை நாம் நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில், தரகுத் தொழிலின் ஆழமான சிக்கல் முழுவதும் அந்தப் பழமொழிக்குள் அடங்கியிருக்கிறது. தாலி ஏறிய அன்றே தரகருக்குக் கூலி வந்துவிடும். அதன்பின் அந்த வீட்டில் நடப்பது அவருடைய கணக்கில் வாராது. எனவே, திருமணம் நடக்க வேண்டும் என்பதில் அவருக்குள்ள அக்கறை, அது நல்ல திருமணமாக இருக்க வேண்டும் என்பதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதலீட்டுத் தரகிலும் சிக்கல் இதுவேதான். இதனை முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த துபாசிகள். 'இரு மொழியினர்' என்பது அச்சொல்லின் பொருள். மொழிபெயர்ப்பாளர் என்று பாடநூல்களில் சுருக்கமாக எழுதிவிடுகிறோம். அஃது அவர்கள் பணியில் ஒரு பகுதியே. இங்கிலாந்திலிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராக வந்து இறங்கும் இளைஞனுக்குச் சம்பளம் சொற்பம்; சொந்த வாணிகத்தில் பொருளீட்டும் ஆசையோ பெரிது. அவனுக்கு முதல் வேண்டும். ஊரில் பணம் உள்ளவர் யார் என்பதை அவன் அறியான்; அவர்கள் மொழியும் அவனுக்குத் தெரியாது. துபாசி அவனைப் பணம் படைத்தோரிடம் அழைத்துச் செல்வார்; பலவேளைகளில் தம் பணத்தையே கடனாகத் தருவார். வாணிகத்தில் அவருக்குத் தரகும் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) தாமே பெருவணிகர். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்த அரிய கருவூலம். அதில் அரசியலும் போரும் வருகின்ற அளவுக்குச் சரக்கும் கடனும் வருகின்றன. அக்காலத்தில் ஆட்களை அறிந்திருத்தலே ஒரு மூலதனம் என்பதை அதைப் படிப்போர் உணர்வர்.

இரண்டாவது சான்று நம் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் ஐரோப்பிய வங்கிகள் இங்கே கிளை திறந்தன. சார்ட்டர்டு வங்கி 1859-இல் சிங்கப்பூருக்கு வந்தது. வங்கியின் மேலாளர் இங்கிலாந்துக்காரர். கடன் கேட்டு வருபவர் சீன வணிகர். வந்தவர் யார், அவருடைய கடை உண்மையிலேயே இருக்கிறதா, சொன்ன சொல் காப்பவரா என்பதெல்லாம் மேலாளருக்கு எப்படித் தெரியும்? அதற்காக வங்கி தன்னிடம் ஒரு சீனரை அமர்த்திக் கொண்டது. அவரைக் 'கொம்ப்ரடோர்' என்று அழைத்தனர். போர்த்துகீசிய மொழியில் வாங்குபவர் என்று பொருள்படும் சொல் அது. வணிகர்களை வங்கிக்கு அறிமுகம் செய்வது அவர் வேலை. அவர் வழியாக நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அவருக்குத் தரகு உண்டு.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. கொம்ப்ரடோர் வேலையில் அமர்வதற்கு முன் வங்கியிடம் பிணையாகச் சொத்தோ பணமோ வைக்க வேண்டும். அவர் அழைத்துவந்த வணிகர் கடனைத் திருப்பாவிட்டால் அதற்கு அவரே பொறுப்பு. அஃதாவது, கைகாட்டிய விரலுக்குக் கூலியும் உண்டு, தண்டமும் உண்டு. இந்த ஏற்பாட்டினால் செல்வம் சேர்த்த கொம்ப்ரடோர்களும் உளர், சொத்தை இழந்து நொடித்தவர்களும் உளர். அதே காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், தம் முகவர்களுக்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் தந்தனர். ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணை முடிந்து கணக்குப் பார்க்கும்போதே அந்தப் பங்கு கைக்கு வரும். முகவர் வெறும் தரகர் அல்லர் என்பது உண்மையே. எனினும், கடன் கொடுத்த அன்றைக்கே கூலியைத் தராமல் கடன் வசூலாகும் வரை காத்திருக்க வைக்கும் அந்த அறிவு குறிப்பிடத்தக்கது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். புதுத்தொழில்களுக்கு முதல் திரட்டும் கலை பெருவளர்ச்சி பெற்ற நாடு அது. அறிமுகக் கூலி என்னும் இந்தச் சிறு பொருளைச் சட்டம் வரை இழுத்துச் சென்று இன்றளவும் அல்லற்படுகின்ற நாடும் அதுவே.

அங்கே முதற்சட்டம் 1911-இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தது. பங்கு விற்க வருவோர் நீலவானத்தின் ஒரு துண்டைக்கூட உழவர்களிடம் விற்றுவிடுவர் என்னும் வசைப்பேச்சினால் அத்தகைய சட்டங்களுக்கு 'நீலவான் சட்டங்கள்' என்ற பெயர் நிலைத்தது. பங்கு விற்கும் நிறுவனமும் அதன் முகவரும் அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். பிற மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் ஒரு மாநிலச் சட்டத்தை அடுத்த மாநிலத்திலிருந்து அஞ்சல் வழி விற்பவர் எளிதில் தாண்டிச் செல்வார். 1920-களின் பங்கு வெறியை இந்தச் சட்டங்களால் அடக்க இயலவில்லை.

1929-இல் சந்தை சரிந்தது. அதன்பின் அமெரிக்க மேலவை நடத்திய விசாரணைகளில் வெளிவந்த செய்தி ஒன்று, அறிமுகக் கூலியின் வரலாற்றில் மறக்கக் கூடாதது. 1920-களின் பிற்பகுதியில் பெரு நாட்டு அரசு அமெரிக்க மக்களிடம் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டியது. விற்றுத் தந்தவை நியூயார்க்கின் பெரிய நிதி நிறுவனங்கள். அந்தக் கடன்களை ஏற்பாடு செய்வதில் 'சேவை' புரிந்ததற்காகப் பெரு நாட்டு அதிபர் அகஸ்தோ லெகியாவின் மகன் குவான் லெகியாவுக்கு 400,000 டாலருக்கு மேல் வழங்கப்பட்டிருந்தது! அவர் என்ன சேவை செய்தார்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவருடைய தயவு இல்லாமல் அந்த வாசல் திறவாது என்பதே அவர் விற்ற சரக்கு. பத்திரம் வாங்கியவர்கள் சிறு சேமிப்பாளர்கள். தங்கள் பணத்தின் ஒரு பகுதி இவ்வாறு சென்றது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பெரு 1931-இல் கடன் தவணையை நிறுத்தியது. பத்திரங்கள் கிட்டத்தட்ட வெறுங்காகிதமாயின.

தரகருக்குக் கூலி கிடைத்தது, தரகரை நம்பியவருக்கு முதலும் போயிற்று. கல்யாணத் தரகர் பழமொழியின் பன்னாட்டுப் பதிப்பு என்றே இதனைச் சொல்லலாம்.

இத்தகைய வெளிப்பாடுகளின் சூட்டில்தான் 1933-இலும் 1934-இலும் இரண்டு கூட்டரசுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. முன்னது, பங்கு விற்போர் தரகு முதலிய செலவுகளை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்றது. பின்னது, பிறருக்காகப் பங்குகளை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் எவரும் அரசில் தரகராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. இதனை மேற்பார்க்கப் பங்குப் பத்திர ஆணையம் ஒன்றும் 1934-இல் அமைந்தது. சட்டத்தில் 'தரகர்' என்பதற்கு விளக்கம் உண்டு. வாங்காமலும் விற்காமலும் வெறுமனே இருவரைச் சந்திக்க வைப்பவருக்குத் தனிப்பெயரோ விளக்கமோ இல்லை. அவர் தரகரா, அல்லரா? அந்தக் கேள்வியை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே விட்டுச் சென்றது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த ஓர் அறிமுகம் உலகத்தையே மாற்றியது. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விழைகிறேன்.

டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரும் 1956-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவருமான வில்லியம் ஷாக்லி, கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். அறிவில் மலை, ஆள்களை நடத்தும் பண்பிலோ மடு. அவரிடம் பணிபுரிந்த இளம் அறிவியலாளர் சிலர் 1957-இல் விலக முடிவு செய்தனர். ஆனால் பிரிந்து போக மனமில்லை. எல்லாரும் சேர்ந்தே ஓரிடத்தில் பணிபுரிய விரும்பினர். அவர்களுள் ஒருவரான யூஜின் கிளைனரின் தந்தைக்கு நியூயார்க்கில் ஹேடன் ஸ்டோன் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தைப் பற்றிக்கொண்டு கிளைனர் ஒரு மடல் எழுதினார். எங்கள் குழுவை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஏதேனும் உண்டா என்பதே மடலின் வேண்டுகோள். அவர்கள் கேட்டது வேலை, முதல் அன்று.

மடல் ஆர்தர் ராக் என்னும் முப்பது வயது ஊழியரின் கைக்கு வந்தது. அவர் தம் மேலாளரான ஆல்பிரட் கோய்லை அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வானூர்தி ஏறினார். குழுவைக் கண்டு பேசியபின் இருவரும் கூறிய அறிவுரை வேறு: வேலை தேடாதீர்கள், உங்களுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்குங்கள், பணம் போடுபவரை நாங்கள் தேடித் தருகிறோம். ஷாக்லியிடம் தங்கிவிடலாமா என்று தயங்கிய ராபர்ட் நாய்சும் பின்னர்ச் சேர, குழுவினர் எண்மர் ஆயினர். எழுத்துமூல ஒப்பந்தம் எதுவும் அப்போது ஆயத்தமாக இல்லை. கோய்ல் பத்து ஒரு-டாலர் தாள்களை எடுத்து வைத்தார். எண்மரும் இடைநின்ற இருவரும் அவற்றில் கையெழுத்திட்டனர். அதுவே அவர்களின் ஒப்பந்தம்!

அதன்பின் நடந்ததுதான் உண்மையான உழைப்பு. ராக் ஏறத்தாழ முப்பத்தைந்து நிறுவனங்களின் பட்டியலைப் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாக் கதவும் மூடின. புதிய குழுவுக்குப் பணம் தருவதா, எங்கள் ஊழியர் என்ன நினைப்பர் என்று சிலர் தயங்கினர். இறுதியில் ஷெர்மன் பேர்சைல்டு என்னும் செல்வரைக் கண்டனர். அவருடைய தந்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் தொடக்ககாலத் தலைவர். மகனோ அந்நிறுவனத்தில் மிகுதியான பங்கு வைத்திருந்த தனியாள். புதுக் கருவிகளில் அவருக்குத் தீராத ஆர்வம். அவருடைய நிழற்படக் கருவி நிறுவனம் 1,380,000 டாலர் வரை கடனாகத் தர இசைந்தது. 1957-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டு தொடங்குகையில் பேர்சைல்டு குறைகடத்தி நிறுவனம் பிறந்துவிட்டது.

கூலிக் கணக்குக்கு வருவோம். புது நிறுவனத்தின் பங்குகள் 1,325 என வகுக்கப்பட்டன. எண்மரும் தலைக்கு 100 பங்கு. பின்னால் வரப்போகும் மேலாளர்களுக்கென 300 ஒதுக்கீடு. மீதி 225 பங்குகள் அறிமுகம் செய்த ஹேடன் ஸ்டோனுக்கு. பங்கின் விலை ஐந்து டாலர். நிறுவியவர் ஒவ்வொருவரும் 500 டாலர் போட்டனர். ஹேடன் ஸ்டோனும் அதே விலை கொடுத்தே வாங்கியது. அதன் கையிலிருந்து சென்ற தொகை 1,125 டாலர்.

இந்தக் கணக்கை மாணவர்க்கு விளக்குவதுபோல் சற்று நின்று பார்க்கலாம். அறிமுகம் செய்தவர், அறிமுகம் நடந்த அன்று பெரிதாக ஒன்றும் பெறவில்லை. தாமும் சிறிது பணம் போட்டார். நிறுவனம் தோற்றால் அவர் பங்கும் காகிதம். வென்றால் நிறுவியவர்களோடு சேர்ந்து அவரும் வெல்வார். ஈராண்டில் முடிவு தெரிந்தது. மூன்று மில்லியன் டாலருக்கு எல்லாப் பங்குகளையும் வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பேர்சைல்டு முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தது. 1959-இல் அவ்வுரிமையைப் பயன்படுத்தியது. 500 டாலர் போட்ட ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 300,000 டாலர் பெறுமானமுள்ள பங்குகள் கிடைத்தன. அதே விகிதத்தில் ஹேடன் ஸ்டோனின் பங்கு 600,000 டாலரைத் தாண்டும். பெருவின் இளவரசர் கொள்ளையாகப் பெற்றதைவிட இது பெரிய தொகை. ஆயினும் இதனைக் குறைசொன்னவர் எவரையும் நான் படித்ததில்லை. முப்பத்தைந்து கதவுகளைத் தட்டியவர் பெற்ற கூலி அது; அதிலும் தட்டிய கதவு திறந்தபின் உள்ளே தாமும் நுழைந்தவர் பெற்றது.

ஒரு குறையை மட்டும் என் கருத்தாகச் சொல்லலாம். மூன்று மில்லியனுக்கு மொத்தத்தையும் வாங்கும் அந்த உரிமை நிறுவியவர்களுக்கு நன்மையன்று. 1959-க்குப் பின் அவர்கள் தாம் உருவாக்கிய நிறுவனத்திலேயே ஊழியர் ஆயினர். நாய்ஸ் ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கு வழிகண்ட அதே ஆண்டு அது. 1961-க்குள் எண்மரில் சிலர் வெளியேறினர். நாய்சும் கோர்டன் மூரும் 1968-இல் விலகினர். இடைநின்றவர் எவ்வளவு நல்லவராயினும், பேரம் முடிய வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கும் உண்டு என்பதற்கு இது சான்று. முப்பத்தைந்து மறுப்புகளுக்குப் பின் கிடைத்த ஒரே இசைவில் குறை காண்பதற்கு அன்று யாருக்கும் துணிவு இருந்திராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராக் இதிலிருந்து கற்ற பாடம் அவருடைய பிற்கால வாழ்வில் தெரிகிறது. 1961-இல் நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து தாமஸ் டேவிசுடன் சேர்ந்து ஒரு முதலீட்டு நிதியைத் தொடங்கினார். பிறர் பணத்தைத் தாமே முதலிட்டு, இலாபத்தில் ஒரு பகுதியைப் பெறும் முறை அது. தரகர் முதலீட்டாளர் ஆனார். 1968-இல் நாய்சும் மூரும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியபோது 2.5 மில்லியன் டாலரை மிகக் குறுகிய நேரத்தில் திரட்டிக் கொடுத்தவர் ராக்தான். அந்நிறுவனத்தின் இயக்குநர் அவைத் தலைவராகவும் அவர் அமர்ந்தார். இப்படி வளர்ந்ததே இன்று 'வென்ச்சர் கேப்பிட்டல்' எனப்படும் துணிவு முதலீட்டுத் தொழில்.

ராக் பணிபுரிந்த ஹேடன் ஸ்டோன் பதிவு பெற்ற தரகு நிறுவனம். எனவே 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தொடவில்லை. பதிவு பெறாதவர் இதையே செய்தால்? அந்த வினாவுக்கு விடை தேடி வந்தவர் ஓர் இசைக்கலைஞர் என்பது வரலாற்றின் குறும்பு. 1957-இல், எண்மர் டாலர் தாளில் கையெழுத்திட்ட அதே ஆண்டில், 'டயானா' என்னும் பாடலால் உலகப் புகழ் பெற்றவர் பால் ஆங்கா. கனடாவின் ஒட்டாவா நகரில் பிறந்தவர். அந்நகருக்கென 'ஒட்டாவா செனட்டர்ஸ்' என்னும் பனிவளைகோல் பந்தாட்டக் குழு அமைக்கும் முயற்சி 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. அதற்கு முதல் திரட்ட வேண்டும். ஆங்காவுக்குச் செல்வந்தர் பலரைத் தெரியும். அவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் தருவார். அவர்கள் முதலிட்டால் அத்தொகையில் பத்து விழுக்காடு அவருக்கு. இது தகுமா என்று ஆணையத்திடம் கேட்கப்பட்டது. 1991-இல் ஆணைய அலுவலர்கள் அளித்த மறுமொழி: அவர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்த மறுமொழியின் நிபந்தனைகள் மிகக் குறுகியவை. ஆங்கா தமக்கு முன்பே பழக்கமான, முதலீட்டுக்குரிய வசதி உள்ளவர்கள் என்று தாம் நம்பும் ஆட்களின் பெயரை மட்டுமே தருவார். முதலீடு பற்றி அவர்களிடம் தாம் பேச மாட்டார். அறிவுரை சொல்ல மாட்டார், பேரத்தில் கலந்துகொள்ள மாட்டார். சுருங்கச் சொன்னால், ஆர்தர் ராக் செய்தவற்றுள் எதையும் செய்ய மாட்டார்! விந்தை இங்கேதான் இருக்கிறது. உழைத்து, ஆராய்ந்து, அறிவுரை கூறி அறிமுகம் செய்பவர் உரிமம் பெற வேண்டும். முகவரிப் புத்தகத்தைத் திறந்து காட்டுபவர் பத்து விழுக்காடு பெற்றுச் செல்லலாம். சட்டத்தின் நோக்கம் முதலீட்டாளரைத் தூண்டுவோரைக் கட்டுப்படுத்துவது என்பதால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. கூலிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு மட்டும் தலைகீழாகிவிட்டது.

பிற்காலத்தில் அந்தச் சிறு வாசலும் இடுங்கியது. முதலீட்டாளர்களை அறிமுகம் செய்து, திரளும் தொகையில் விழுக்காடு பெற விரும்பிய ஒரு சட்ட நிறுவனம் 2010-இல் இதே கேள்வியைக் கேட்டபோது, அலுவலர்கள் இசைவு தர மறுத்தனர். திரளும் தொகையைப் பொறுத்துக் கூலி உயருமானால், அறிமுகம் செய்பவருக்கு விற்பனையாளரின் ஆவல் வந்துவிடும் என்பது அவர்களின் வாதம். நம் பழமொழி சொல்வதையே அவர்களும் சொன்னார்கள்.

இதனால் விளையும் கேடு புதுத்தொழில் தொடங்குவோர் தலையில் விடிகிறது. பதிவு பெறாதவருக்குக் கூலி கொடுத்து முதல் திரட்டினால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்யக் கோர இடமுண்டு. முதலீட்டாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி பிறக்கும். தரகருக்கும் நீதிமன்றத்தில் கூலி கேட்டு வெல்வது அரிது. பெரிய பேரங்களில் இச்சிக்கல் இல்லை. அங்கே பதிவு பெற்ற நிறுவனங்கள் உள்ளன. 'லேமன் வாய்பாடு' என்ற பழைய கணக்கும் உள்ளது. முதல் மில்லியனுக்கு ஐந்து விழுக்காடு, அடுத்ததற்கு நான்கு, பின் மூன்று, இரண்டு, அதற்குமேல் ஒன்று. ஆனால் ஒரு சிறு நிறுவனம் இரண்டு இலட்சம் டாலர் திரட்ட முயன்றால், அந்த ஐந்து விழுக்காட்டுக்காகப் பதிவு பெற்ற பெரிய நிறுவனம் எதுவும் திரும்பிப் பாராது. சிறியவருக்கு உதவ வருபவர் உரிமமற்ற அறிமுகக்காரர் மட்டுமே. அவருக்குக் கூலி கொடுப்பதோ இடர்.

இதற்கு ஒரு வழியாக 2020 அக்டோபரில் ஆணையம் புதிய விதிவிலக்கு ஒன்றை முன்மொழிந்தது. அறிமுகம் செய்பவரை இரண்டு தரமாக்கி, முதல் தரத்தார் தொடர்பு விவரம் மட்டும் தரலாம், இரண்டாம் தரத்தார் சந்திப்பிலும் கலந்துகொள்ளலாம் என்றது. ஆணையர்களில் இருவர் எதிர்த்தனர். முதலீட்டாளருக்குப் போதிய காப்பு இல்லை என்பது அவர்கள் வாதம். அடுத்து வந்த ஆண்டுகளில் அம்முன்மொழிவு நடைமுறைக்கு வாராமலே கிடந்தது.

இதற்கிடையில் முதலீட்டாளர்கள் தாங்களே ஒரு வழி கண்டனர். 2009-இல் செக்கோயா என்னும் துணிவு முதலீட்டு நிறுவனம் 'சாரணர்' முறையைத் தொடங்கியது. தொழிலுலகில் நல்ல பழக்கமுள்ள சிலரிடம் சிறிது பணத்தைக் கொடுத்து, நீங்கள் நம்பும் புது நிறுவனத்தில் போடுங்கள் என்றது. இலாபம் வந்தால் சாரணருக்கும் பங்கு. வாராவிட்டால் கூலி இல்லை. பணம் தேடும் ஏழை நிறுவனம் இங்கே ஒரு காசும் தருவதில்லை. கூலி தருபவர் முதலிடுபவர். அதுவும் பயன் விளைந்தபின். கொம்ப்ரடோரின் பிணையும் ஆர்தர் ராக்கின் 225 பங்கும் வேறு உருவில் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கும் இதில் செய்தி உண்டு. மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டமும் சிங்கப்பூரின் 2001-ஆம் ஆண்டுப் பங்குப் பத்திரச் சட்டமும், பங்கு வாங்கும்படி ஒருவரைத் தூண்டுவதையே உரிமம் தேவைப்படும் செயலாக வகுக்கின்றன. இதனை அறியாத நம் மக்கள் பலர். கோயில் திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் ஆசிரியர் அறையிலும்கூட, "அண்ணே, ஒரு நல்ல திட்டம் இருக்கிறது, என் தம்பி மாதிரி ஒருவர் நடத்துகிறார்" என்று தொடங்குபவரை நாம் கண்டிருக்கிறோம். ஆள் சேர்ப்பதற்கு அவருக்கு எவ்வளவு கழிவு, எவர் கொடுக்கிறார், நாம் போட்ட பணம் போனால் அவருக்கும் ஏதேனும் போகுமா என்று நாம் கேட்பதில்லை. அறிமுகமானவரிடம் அப்படிக் கேட்பது நாகரிகமன்று என நினைக்கிறோம். வங்கி மேலாளர்கள் கொம்ப்ரடோரிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

அமெரிக்கக் கதையின் இன்னொரு நிகழ்வு 2022 திசம்பரில் நடந்தது. அறிமுகத் தரகருக்கான விலக்கு ஒன்றை அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமாகவே இயற்றியது. 2023 மார்ச்சு இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. அவ்விலக்கைப் பெறுவோர் நடந்துகொண்டிருக்கும் சிறு தொழிலை வாங்கவும் விற்கவும் உதவும் தரகர்கள். தொழில் கைமாறும்போது மட்டுமே அது பொருந்தும். இன்னும் தொடங்காத நிறுவனத்துக்கு முதலிடுபவரைத் தேடித் தருபவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.